பீவர் கட்டிய அணையை உடைக்காதீர்கள்

போன வாரமும் ஓர் அணை போயிற்று. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், சாண்ட்ஹில்ஸ் பகுதியில் ஓடையோரம் நிலம் வைத்திருக்கும் ஒருவர், பீவர்கள் (குச்சியும் சேறும் கொண்டு ஓடையில் அணை போடும் கொறிவிலங்குகள்) கட்டியதை ஒரே காலையில் மண்வெட்டியால் பிரித்துப் போட்டுவிட்டார். ஈரநிலச் சீரமைப்பு என் வேலை என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். சேற்றில் சிதறிக் கிடந்த குச்சிகளின் நுனியெல்லாம் உளியால் செதுக்கியதுபோல் பல்தடம். "பட்டாம்பூச்சிக்காகத்தான் செய்தேன். தண்ணீர் ஏறினால் புழுவெல்லாம் செத்துவிடுமே" என்றார். நல்ல மனதோடு செய்திருக்கிறார், அதுதான் எனக்கு ஆறவில்லை.

அவர் நினைத்தது செயின்ட் பிரான்சிஸ் சாட்டிர் என்ற பட்டாம்பூச்சியை. 1983-இல் கண்டறியப்பட்ட இது, இதே பகுதியிலுள்ள ஃபோர்ட் பிராக் ராணுவத் தளத்தில் மட்டும்தான் வாழ்கிறது. பழுப்பு இறக்கை, ஓரத்தில் மஞ்சள் வளையமிட்ட கண்புள்ளிகள். இறக்கை வந்தபின் ஆயுள் சில நாள்தான். பீவரோ இருபது கிலோவரை சாதாரணமாகத் தேறும், பத்து வருடம் வாழும். அதனால் பெரியது சின்னதை அழிக்கிறது என்று தோன்றிவிடுகிறது.

உண்மை நேர் எதிர். அணை கட்டியதும் தண்ணீர் தேங்கி, கரையோர மரங்கள் நின்றபடியே பட்டுப்போகும். அந்த இடத்துப் புழுக்களும் சாகும், மறுக்கவில்லை. ஆனால் சில வருடங்களில் தீனி தீர்ந்து பீவர்கள் நகர்ந்துவிடும், அணை கசியும், குளம் வடியும். வெயில் விழும் அந்த ஈர மண்ணில் கோரை முளைக்கும். புழுக்கள் தின்பது அந்தக் கோரையைத்தான். அப்படியே விட்டால் புதரும் மரமும் ஏறி நிழல் மூடிவிடும், பூச்சி போய்விடும். ஆகவே ஓடை நெடுக ஒரு குளம் நிரம்ப, இன்னொன்று வடிந்துகொண்டே இருக்க வேண்டும். இந்தப் பூச்சியை ஆராயும் சூழலியலாளர் நிக் ஹடாட் குழுவினர் மரங்களை வெட்டி, செயற்கை அணை போட்ட இடங்களில் பூச்சிகள் பெருகின. பீவர் கூலியில்லாமல் செய்வதும் அதுவேதான். குண்டுப் பயிற்சியில் பற்றும் தீயும் புதரைக் குறைத்து உதவுகிறது.

இன்னொன்று: பீவர் மீன் தின்னாது. பட்டை, இலை, நீர்ச்செடிதான் உணவு. மீன் தின்பது நீர்நாய். தயவுசெய்து இரண்டையும் குழப்பாதீர்கள், அந்தக் குழப்பத்திலும் அணைகள் உடைகின்றன.

சரி, தண்ணீர் பாதைக்கு ஏறுகிறதா? அணையின் குறுக்கே குழாய் பதியுங்கள். உள்வாயைத் தள்ளி ஆழத்தில் வைத்துக் கம்பிக் கூண்டு போடுங்கள். நீர் ஓடும் சத்தம் கேட்டால் பீவர் வந்து அடைத்துவிடும். பிடித்த மரமா? அடிமரத்தைக் கம்பிவலையால் சுற்றுங்கள். கோரை மேட்டில் நடக்காதீர்கள். கைவிட்ட அணையையும் தொடாதீர்கள், அது தானாக வடியட்டும்.

அந்த நிலத்துக்காரர் குழாய்க்குச் சம்மதித்துவிட்டார். மறுநாள் காலையில் உடைந்த இடத்தில் புதுச் சேறும் நாலு பச்சைக் கிளையும் இருந்தன.