மூடுபயிர்

'கவர் கிராப்' என்பதைச் சிலர் பசுந்தாள் உரம் என்று எழுதுகிறார்கள், சிலர் மூடாக்கு என்கிறார்கள். சணப்பை, தக்கைப்பூண்டு போன்றவற்றைப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால் அது பசுந்தாள் உரம். வைக்கோல், சருகு, கரும்புச் சோகை என்று காய்ந்ததைப் பரப்பினால் மூடாக்கு. விளைச்சலுக்காக இல்லாமல், வெறும் மண் வெயிலிலும் மழையிலும் கிடக்கக் கூடாதென்று உயிரோடு நிற்க வைப்பது கவர் கிராப். அதற்கு 'மூடுபயிர்' என்பதே சரி.

மூடாக்கு பழகிய சொல்தான். மேகம் கவிந்த நாளையும் 'மூடாக்கா இருக்கு' என்போம். ஆனால் ஓட்ஸ் விஷயத்தில் இந்த இரண்டு சொற்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தேவைப்படுகின்றன. அமெரிக்காவின் அயோவா போன்ற குளிர் மாநிலங்களில், கோடைப்பயிர் அறுத்த நிலத்தில் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ ஓட்ஸ் விதைக்கிறார்கள். குளிர் இறங்குவதற்குள் அது வேகமாகத் தழைத்து, மண்ணில் மிஞ்சிய தழைச்சத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு கடுங்குளிரில் தானே செத்துப் படுத்துவிடும். அதாவது இலையுதிர் காலத்தில் மூடுபயிர், பனிக்காலத்தில் மூடாக்கு. அதே வேலைக்கு விதைக்கும் ரை என்ற தானியப்பயிர் குளிரில் சாகாது; வசந்தத்தில் அதை அழிக்கத் தனிப்பாடு.

பிரேசிலின் பரானாவில் குளிர் அவ்வளவு இல்லை. அங்கே ஹெர்பர்ட் பார்ட்ஸ் என்ற விவசாயி 1972இல் உழாமல் சோயா விதைக்கத் தொடங்கினார். தென்பிரேசிலில் அம்முறை பரவியபோது கறுப்பு ஓட்ஸ் முக்கிய மூடுபயிரானது. குளிர் கொல்லாததால் கத்தி பதித்த உருளையை ஓட்டித் தண்டை நசுக்கிச் சாய்த்து, அந்தப் பாய்மேலேயே சோயாவை விதைக்கிறார்கள்.

இனி 'ஓட்ஸ்'. பழைய ஆங்கிலத்தில் 'ஆட்டெ'. ஜெர்மன்காரர்களுக்கோ அது 'ஹாஃபர்'. குதிரைக்கு ஓட்ஸ் கொண்டுபோன பை 'ஹாஃபர்சாக்'; நம் என்.சி.சி. பிள்ளைகள் தோளில் மாட்டும் ஹாவர்சாக் அதன் வாரிசு. ஆங்கிலப் பன்மையின் 'ஸ்' நம்மிடம் பெயரோடு ஒட்டிவிட்டது. 'ஒரு ஓட்ஸ் செடி' என்கிறோம், கூசுவதில்லை. காடைக்கண்ணி என்று எழுதுகிறவர்களும் உண்டு. அழகான பெயர், கடைக்காரருக்குத்தான் புரியாது. என் வாக்கு ஓட்ஸுக்கே: பயிராக நிற்கையில் 'ஓட்ஸ் மூடுபயிர்', செத்துக் கிடக்கையில் 'ஓட்ஸ் மூடாக்கு'.