பழைய சுவருக்குச் சிமெண்ட் பூசாதீர்கள்

பழமையான கட்டடம் ஒன்றை இடிக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தால் ஊர் கொதிக்கிறது. நியூயார்க்கில் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963இல் இடிக்கத் தொடங்கியபோது எழுந்த கோபம், 1965இல் மரபுச் சின்னங்களைக் காக்கும் சட்டம் வருவதற்கு ஒரு காரணமாயிற்று. ஆனால் பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பதே தொழிலாகக் கொண்ட எனக்கு, புல்டோசரைவிட அதிக பயம் தருவது கொத்தனார் குழைத்து வைத்திருக்கும் சிமெண்ட் கலவைதான். நல்லெண்ணத்தோடு பூசுவதால் அதை யாரும் தடுப்பதில்லை. வேலை முடிந்ததும் விழா எடுத்துப் பாராட்டுகிறார்கள்.

இன்று நாம் பரவலாகப் பயன்படுத்தும் போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தின் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824இல். அது பரவலாகப் புழக்கத்துக்கு வர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. அதற்கு முன் எழுந்த செங்கல் கட்டடங்களில் பெரும்பாலானவை சுண்ணாம்புக் காரையில் நிற்பவை. இன்று அஸ்திவாரத்துக்கு மேல் நாம் போடும் ஈரத்தடுப்பு அடுக்கு அவற்றில் பொதுவாக இருக்காது. நிலத்து ஈரம் சுவரில் ஏறும். நுண்துளைகள் நிறைந்த சுண்ணாம்புப் பூச்சின் வழியே ஆவியாகிப் போய்விடும். ஏறுகிற ஈரமெல்லாம் வெளியேறிக்கொண்டிருக்கும்வரை சுவருக்குக் கேடில்லை.

அதன்மேல் சிமெண்ட் பூசி, பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்தால் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. முழங்கால் உயரத்தில் நின்ற ஈரம் தலைக்கு மேல் ஏறுகிறது. கூடவே வந்த உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கல்லை உடைக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் சுவர் பளபளப்பாகத்தான் இருக்கும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், உள்ளே பொள்ளலாக ஒலிக்கும். அந்த இடத்தைப் பெயர்த்தால் பூச்சு பலகை பலகையாகக் கையோடு வரும். அதன் பின்புறத்தில் செங்கல்லின் மேல்தோல் ஒட்டியிருக்கும். சுவரிலிருந்து செம்பொடி கொட்டும். சுண்ணாம்புப் பூச்சு செங்கல்லைவிட மென்மையானது. உப்பின் தாக்குதலைத் தான் வாங்கிக்கொண்டு உதிரும். உதிர்ந்ததை மறுபடி பூசிக்கொள்ளலாம்.

‘இன்னும் உறுதியாக இருக்கட்டும்’ என்ற ஆசை ஏதென்ஸின் பழங்காலப் பார்த்தினான் கோயிலையே விட்டுவைக்கவில்லை. பண்டைய கிரேக்கர்கள் பளிங்குக் கற்களைப் பிணைத்த இரும்புக் கவ்விகளைச் சுற்றி ஈயம் ஊற்றியிருந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சீரமைத்தவர்கள் அந்த ஈயக் காப்பு இல்லாமலே இரும்பைப் பதித்தார்கள். இரும்பு துருவேறி உப்பிப் பளிங்கைப் பிளந்தது. பிறகு வந்தவர்கள் அதையெல்லாம் தோண்டி எடுத்துத் துருப்பிடிக்காத டைட்டானியம் வைக்க வேண்டியதாயிற்று.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெருந்தொகை ஒதுக்கீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் நிர்வாகங்கள், மழைநீர்க் குழாயில் அடைத்துக்கொண்ட இலைகளை அள்ள ஓர் ஆளை அனுப்புவதில்லை. சுவரில் முளைத்த செடியை மட்டும் அவ்வப்போது வெட்டிவிடுகிறார்கள். வேர் உள்ளேயே தடித்துக்கொண்டிருக்கிறது.

கடைசியில் விரிசல் தெரிகிறது. உடனே ‘இடிக்கத் தக்கது’ என்று ஓர் அறிக்கை தயாராகிறது. விரிசல் இருப்பதாலேயே ஒரு கட்டடம் விழுந்துவிடாது. அது இன்னும் நகர்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இருபுறமும் இறுக ஒட்டி, தேதி எழுதி வைப்பது பழைய முறை. இப்போது அளவுகோல் பொறித்த தகடுகளும் வந்துவிட்டன. மழையையும் கோடையையும் தாண்டியும் கண்ணாடி உடையாமல் இருந்தால், அநேகமாக அது எப்போதோ அடங்கிப்போன விரிசல். உடைந்தால் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டும். உடனடி ஆபத்து என்றால் முட்டுக்கொடுத்துவிட்டு இந்தச் சோதனையைச் செய்யலாம். உங்கள் தெருவில் ஒரு கட்டடத்தை ‘ஆபத்தானது’ என்று அறிவித்தால், எந்தெந்த விரிசலை எத்தனை மாதம் கவனித்தார்கள், அளவுகள் எங்கே என்று எழுத்து மூலம் கேளுங்கள்.