முப்பத்தொன்றாவது பிள்ளையும் பள்ளி மானியமும்

மண்டபத்திற்கும் தொண்டிக்கும் இடைப்பட்ட கரையோர ஊர் ஒன்றில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியையாகப் பணிபுரிகிறேன். பள்ளிக்கு அரசு பணம் தருகிறது என்பதைப் பெற்றோர் அறிவார்கள்; எவ்வளவு, எதைக் கணக்கிட்டு, எந்த வழியில் வருகிறது என்பதை அறிந்தவர்கள் மிகக் குறைவு. நிதி தடுமாறும் ஆண்டுகளில் இந்த அறியாமை பிள்ளைகளையே பாதிக்கிறது.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40 சதவீதம். தேசியக் கல்விக் கொள்கை, மத்திய அரசு முன்மாதிரியாக மேம்படுத்தும் பி.எம். ஸ்ரீ பள்ளிகள் ஆகியவை குறித்து மத்திய அரசோடு எழுந்த பிணக்கில் 2024–25ஆம் ஆண்டுக்குரிய ரூ.2,152 கோடி தமிழகத்திற்கு வராமல் நின்று, 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

இத்திட்டத்தின் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பிள்ளைகள் வரை இருந்தால் ரூ.10,000, 31 முதல் 100 வரை இருந்தால் ரூ.25,000. ஒரே ஒரு பிள்ளையால் ரூ.15,000 கூடும் அல்லது குறையும். எங்கள் பதிவேட்டில் 31 பேர் இருந்த ஓர் ஆண்டில், காற்று மாறியதும் தென்கடலுக்கு, அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், மீன்பிடித் தொழிலுக்குப் புறப்பட்ட ஒரு தாய், மகளின் மாற்றுச் சான்றிதழைக் கேட்டு வந்தார். "ஒரு புள்ள போனா என்ன டீச்சர் கொறஞ்சிரப் போகுது?" என்றார். மானியத்திற்காக ஒரு பிள்ளையைப் பிடித்து வைப்பது முறையன்று என்பதால் கணக்கை அவரிடம் சொல்லவில்லை. ஆண்டின் நடுவில் படிப்பு அறுபடுமே என்பதை மட்டும் எடுத்துச் சொன்னேன். அந்தச் சிறுமி பாட்டி வீட்டில் தங்கி எங்களிடமே படித்தாள்.

அந்தப் பணம் எதற்குப் போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பிகளின் துரு மீன் செதிலைப் போல உரிந்து வருகிறது; விரலால் தடவினாலே கையோடு வந்துவிடும். கழிப்பறையின் தகரக் கதவு கீழ்ப்பகுதியிலிருந்து அரித்துக்கொண்டே போகிறது. குடிநீரையோ விலைக்கு வாங்குகிறோம். உள்நாட்டுப் பள்ளிக்கும் கடலோரப் பள்ளிக்கும் மானிய அளவு ஒன்றுதான். உப்புக்கென்று தனி ஒதுக்கீடு கிடையாது. இது மாற வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

இந்நிலையில் ஊர்மக்களிடம் வசூல் செய்யலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளி திறப்பதும் ஜூனில்தான். வருமானம் இன்றி இரண்டு மாதம் கழித்த வீட்டில் போய்க் கைநீட்ட எனக்கு மனம் வராது.

பெற்றோரிடம் நான் கேட்பது அவர்களுடைய நேரத்தை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். வரும் மானியத்தின் செலவைக் கண்காணிப்பதும் அக்குழுவின் பொறுப்பு. ஆனால் வீடு தேடி வரும் பதிவேட்டில் கையெழுத்திடுவதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். கூட்டத்திற்கு நேரில் வந்து, மானியம் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது, எது நிலுவையில் உள்ளது என்று கேளுங்கள். மானியத்தில் அடங்காத சுற்றுச்சுவர், தண்ணீர்த்தொட்டி போன்ற பணிகளைத் தீர்மானமாக எழுதி, கிராம சபையிலும் வையுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன கோரிக்கைகள் அதிகாரி மாறும்போது மறைந்துபோவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். எழுத்தில் இருப்பதை, புதிதாக வருபவரிடமும் தேதியோடு காட்ட முடிகிறது.

எங்கள் குழுவின் தாய்மார்கள் சென்ற கூட்டத்தில் கழிப்பறைக் கதவைத் தாங்களே அளந்து, துருப்பிடிக்காத பிளாஸ்டிக் கதவு வேண்டும் என்று தீர்மானம் எழுதியிருக்கிறார்கள். அக்டோபர் 2 கிராம சபைக்கு அதை எடுத்துச் செல்கிறோம்.