உளவியல் பட்டப்படிப்பில் சேரும் முன்

“ஃபிரண்ட்ஸ் எல்லாரும் பிரச்சினைன்னா என்கிட்டதான் வருவாங்க, அதனால சைக்காலஜி படிக்கலாம்னு இருக்கேன்.” பள்ளி முடித்துவிட்டு என்னிடம் யோசனை கேட்க வரும் பிள்ளைகள் அடிக்கடி சொல்லும் காரணம் இது. காதுகொடுத்துக் கேட்கிற குணம் நல்லதுதான். ஆனால் வகுப்பில் சீக்கிரமே எதிரில் வந்து நிற்பது புள்ளியியல். திட்ட விலக்கம், ஒட்டுறவுக் கெழு, டி-சோதனை. கணக்குக்குப் பயந்து உளவியலுக்கு ஓடி வந்தவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள்.

மனசைப் படிக்க எண்கள் எதற்கு? 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்களுக்கு ஓர் ஆளுமைச் சோதனை வைத்தார். அப்புறம் ஒவ்வொருவருக்கும் அவரவரைப் பற்றிய முடிவு என்று ஒரு குறிப்பைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4க்கு மேல்! உண்மையில் எல்லோர் கையிலும் இருந்தது ஒரே குறிப்பு. அதில் பெரும்பகுதி ஜோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்தது. ‘எனக்கு அப்படியே பொருந்துகிறது’ என்ற உணர்வை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதை இதைவிட அழகாக யாரும் காட்டியதில்லை என்பேன். அதனால்தான் மனசைப் படிக்கவும் அளந்து, கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. இணையத்தில் உலவும் ஆளுமை வினாடிவினாக்களை நம்புகிறவர்கள் ஒருமுறை இதை நினைத்துக்கொள்ளலாம்.

இந்தத் துறை தன்னையும் விட்டுவைப்பதில்லை. வெளியாகியிருந்த 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்து 2015இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில்தான் பழைய முடிவு மறுபடி உறுதியானது. நல்ல ஆசிரியர் இதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுவார்.

இளங்கலை முடித்தவுடன் சிகிச்சை கொடுக்க உட்கார முடியாது. மேற்படிப்பும், அனுபவமுள்ளவர் மேற்பார்வையில் நேரடிப் பயிற்சியும், பல நாடுகளில் பதிவு அல்லது உரிமமும் தேவை. மருந்து எழுதும் மனநல மருத்துவராக வேண்டுமென்றால் அது மருத்துவப் படிப்பு வழியாகப் போகிற வேறு பாதை. இது தெரியாமல் சேர்ந்துவிட்டு, இரண்டாம் ஆண்டிலேயே அப்பாவுக்கு ‘ஆளுமைக் கோளாறு’, தோழிக்கு ‘பைபோலார்’ என்று பட்டம் கட்டத் தொடங்கும் மாணவர்களைப் பார்க்கிறேன். கோளாறுகளைப் பற்றிய பாடம் வரும்போது அத்தனை அறிகுறிகளும் தனக்கே இருப்பதாகத் தோன்றுவதும் சகஜம்.

தன் காயத்தைப் புரிந்துகொள்ளவே இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு. அதில் தவறில்லை. ஆனால் வகுப்பறையில் சிகிச்சை கிடைக்காது. உதவி வேண்டுமென்றால் அதைத் தனியாக நாடுங்கள், படிப்பு முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

சரி, சிகிச்சையாளர் ஆகாவிட்டால்? மனிதவளம், சந்தை ஆய்வு, செயலிகளைப் பயன்படுத்துவோரைக் கவனிக்கும் ஆய்வு, கல்வி, சமூகப் பணி என்று பலரும் போகிறார்கள். அங்கெல்லாம் கைகொடுப்பது பெரும்பாலும் அந்தப் புள்ளியியலும், கேள்வித்தாளை ஒழுங்காக வடிவமைக்கத் தெரிந்ததும்தான். அதனால் கல்லூரியைப் பார்க்கப் போகும்போது மாணவர்கள் சொந்தமாக ஓர் ஆய்வு செய்து முடிக்கிறார்களா, ஆய்வகம் உண்மையிலேயே இயங்குகிறதா என்று கேளுங்கள். முடிந்தால் இறுதியாண்டு மாணவர் ஒருவரின் ஆய்வறிக்கையை வாங்கிப் புரட்டிப் பாருங்கள்.