சொம்பில் பாதி இருக்கும்போதே தாகம் ஏன் அடங்குகிறது?

சித்திரை வெயிலில் சைக்கிளில் ஏற்காடு போனது என் தப்புதான். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கி அடிவாரத்துக்கு வந்தபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மோர் விற்கும் அம்மாவிடம் முதலில் தண்ணீர் கேட்டேன். "மெதுவா குடி கண்ணு, பொரை ஏறிடும்" என்று சொம்பை நீட்டினார். பாதி சொம்பு உள்ளே போவதற்குள் போதும் என்று தோன்றிவிட்டது.

யோசித்தால் இது வேடிக்கை. குடித்த தண்ணீர் குடலுக்குப் போய், உறிஞ்சப்பட்டு, ரத்தத்தின் அடர்த்தியைச் சொல்லும்படி குறைக்கப் பத்து நிமிடமாவது வேண்டும். எனக்கோ ஒரே நிமிடத்தில் தாகம் அடங்கிவிட்டது. அந்த நேரத்தில் என் ரத்தம் பழையபடி கெட்டியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியானால் நிறுத்தச் சொன்னது யார்?

தாகம் கிளம்பும் விதம் எளிது. வியர்வையில் உப்பைவிட நீரே அதிகம் வெளியேறுவதால் ரத்தத்தில் உப்பின் செறிவு கூடுகிறது. ஒன்றிரண்டு சதவீதம் கூடினாலே போதும், மூளையின் நடுவே இருக்கும் சப்ஃபார்னிகல் உறுப்பு விழித்துக்கொள்ளும். ரத்தத்தில் ஓடுபவை சுலபமாக உள்ளே நுழையாதபடி மூளையின் பெரும்பாலான பகுதிகளுக்கு இருக்கும் தடுப்பு இதற்குக் கிடையாது. ரத்தத்தை நேரடியாகவே ருசி பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடங்கும் விதம்தான் சுவாரஸ்யம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் சாக்கரி நைட் குழுவினர், எலி தண்ணீர் குடிக்கும்போதே அதன் தாக நரம்பணுக்களைக் கவனித்து 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எலி நக்கத் தொடங்கிய ஒரு நிமிடத்துக்குள் அந்த அணுக்கள் அமைதியாகிவிட்டன. வெறும் குளிர்ந்த உலோகத்தை நக்கியபோதும் அவை கொஞ்சம் அடங்கின. பானை மோர் தொண்டையில் இறங்கும்போதே சுகமாக இருப்பது இதனால்தான் போலிருக்கிறது. 2018இல் கால்டெக் எனப்படும் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் யூகி ஓகா குழு இன்னொன்றைக் கண்டது: மடக் மடக்கென்று விழுங்கும் வேகத்தையும் மூளை எண்ணுகிறது. அதே அளவு நீரை ஜெல்லாகத் தின்னக் கொடுத்தால் அந்த அடக்கம் வருவதில்லை.

ஆக, வாயும் தொண்டையும் சொல்வதை நம்பி மூளை முன்கூட்டியே வரவு எழுதிவிடுகிறது. கடன் கணக்குதான். உள்ளே போனது உப்புத் தண்ணீராக இருந்தால்? எலியின் தாக அணுக்கள் முதலில் ஏமாந்து அடங்குகின்றன, அப்புறம் மறுபடி கிளம்புகின்றன. காரணம், குடல் சரிபார்க்கிறது. உள்ளே வந்தது நீர்த்ததா, உப்புச் செறிந்ததா என்ற தகவல், வயிற்றையும் குடலையும் மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பு வழியே மேலே போகிறது. நைட் குழுவே 2019இல் இதைக் காட்டியது.

"இன்னொரு சொம்பு குடி" என்று அந்த அம்மா வற்புறுத்தினார். தொண்டையில் இறங்க மறுத்தது. இதுவும் சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம்தான். தாகம் தீர்ந்த பின்னும் குடிக்கச் சொன்னபோது, விழுங்குவதற்குச் சுமார் மூன்று மடங்கு சிரமப்பட வேண்டியிருந்ததாக மெல்போர்னில் ஆய்வில் கலந்துகொண்டவர்கள் மதிப்பிட்டார்கள். அந்தத் தடையை மீறி லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் சரிந்து, மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். மாரத்தான் ஓடியவர்களுக்கு அப்படி நடந்திருக்கிறது.

ஆனால் மனிதனின் 'போதும்' கொஞ்சம் அவசரக்காரன். நாய் இழந்த நீரைச் சில நிமிடங்களில் ஏறக்குறைய சரியாக ஈடுகட்டிவிடும். ஒட்டகம் பத்துப் பதினைந்து நிமிடத்தில் நூறு லிட்டர் குடிக்கும். நாமோ பாதியிலேயே சொம்பை வைத்துவிடுகிறோம். வியர்வையில் உப்பும் போய்விட்டதால், வெறும் தண்ணீர் குடித்தவுடன் ரத்தம் சீக்கிரமே நீர்த்துப்போகிறது. இழந்த அளவு திரும்பும் முன்பே தாகம் விலகிவிடுகிறது, மிச்ச நீரும் சிறுநீராக இறங்குகிறது. சேலத்து ஜவ்வரிசிக் களங்களில் வெயிலில் நின்று காயவைக்கிறவர்களுக்கு உப்புப் போட்ட நீராகாரமும் மோரும் வெறும் தண்ணீரைவிட நன்றாகத் தாங்குவது இதனால்தான். உப்பு இருந்தால் நீர் உடம்பில் தங்கும்.

நானும் கடைசியில் உப்பு மோர் ஒரு டம்ளர் குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். விட்ட பாக்கி ராத்திரி வசூலானது: ரசம் சோறு சாப்பிட்ட பிறகு ஒரு சொம்புத் தண்ணீர், படுக்கப் போகும் முன் இன்னொன்று.