ஈயின் உடலுக்குள் மூச்சுக்குழல் எப்படி முளைக்கிறது?

கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் பழ ஈக்கு நுரையீரல் கிடையாது. ஆக்சிஜனைச் சுமக்கும் வேலையை அதன் ரத்தமும் பெரும்பாலும் செய்வதில்லை. உடலின் பக்கவாட்டுத் துளைகளில் நுழையும் காற்று, கிளை கிளையாகப் பிரியும் குழாய்கள் வழியே தசை, குடல், மூளை என எல்லா இடத்துக்கும் நேராகப் போய்விடுகிறது. கடைசிக் கிளைகளின் குறுக்களவு ஒரு மைக்ரானுக்கும் குறைவு.

இதன் அடிப்படை அமைப்பு முட்டைக்குள் ஒரே நாளில் தயாராகிவிடும். முதலில் கருவின் மேல்தோலில், பக்கத்துக்குப் பத்து இடங்களில், டிராகியாலெஸ் என்ற மரபணு விழிக்கிறது. அது விழித்த செல்களுக்கு இனி மூச்சுக்குழல் ஆவதுதான் வேலை. அது பழுதானால் குழாயே உருவாகாது. ஒவ்வோர் இடத்திலும் சுமார் 80 செல்கள் உள்பக்கம் மடிந்து ஒரு சின்னப் பையாகின்றன. அதற்கப்புறம் கருவில் அந்தச் செல்கள் பிரிவதே இல்லை. இருக்கிற செல்களே நகர்ந்து, நீண்டு, இடம் மாறிக் கிளைகளாகின்றன.

சரி, எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று யார் சொல்வது? பையைச் சுற்றிச் சில இடங்களில் உள்ள அண்டைச் செல்கள் பிராஞ்ச்லெஸ் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. பையின் செல்களில் அதை உணரும் ஏற்பி இருக்கிறது. அதன் பெயர் பிரெத்லெஸ். வெல்லம் இருக்கும் பக்கம் எறும்பு போவது போல, பையின் செல்கள் அந்தப் புரதம் வரும் திசைக்கு ஊர்கின்றன. 1996-இல் மார்க் கிராஸ்னோவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வகம் இதை அழகாகக் காட்டியது. பிராஞ்ச்லெஸ் இல்லாத கருவில் பை பையாகவே நின்றுவிட்டது. வழக்கமில்லாத இடத்தில் அதைச் சுரக்க வைத்தால், கிளைகள் அந்த இடத்தைத் தேடிப் போயின. கிளையின் பாதையை முடிவு செய்வது இந்தப் புரதம் சுரக்கும் இடம்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

முனையில் இருக்கும் செல்லுக்குத்தான் இந்தப் புரதம் அதிகம் கிடைக்கிறது. அதனால் அங்கே வேறு மரபணுக்களும் விழித்து, இன்னும் நுண்ணிய கிளைகளுக்கு வழி செய்கின்றன. கூடவே ஸ்ப்ரௌட்டி என்ற புரதமும் உருவாகிறது. பின்னால் வரும் செல்கள் அந்த அழைப்புக்கு இணங்கிவிடாமல் தடுப்பது அதன் பணி. 1998-இல் இதைக் கண்டறிந்தபோது, ஸ்ப்ரௌட்டி இல்லாத கருக்களில் பின்னால் சும்மா இருக்க வேண்டிய செல்களும் கிளை விட்டிருந்தன. அழைக்கும் சமிக்ஞையே தன்னை மட்டுப்படுத்தும் தடையையும் தூண்டிவிடுகிறது. இந்தக் கதையில் என்னை அதிகம் வியக்க வைப்பது இதுதான்.

முட்டையிலிருந்து புழு வெளிவந்த பிறகு கணக்கு மாறுகிறது. கருவில் கிளைகள் எங்கே வர வேண்டும் என்பது ஏறக்குறைய நிர்ணயமானது. எல்லாக் கருவிலும் ஒரே மாதிரிதான். புழுவிலோ தேவை முடிவு செய்கிறது. ஆக்சிஜன் போதாமல் தவிக்கும் திசு அதே பிராஞ்ச்லெஸைச் சுரக்கிறது. பக்கத்தில் உள்ள முனைச் செல் அந்தப் பக்கம் புதிய நுண்கிளைகளை நீட்டுகிறது. ஆக்சிஜன் குறைவை உணர்வதில் சிமா என்ற புரதத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. நம் உடலில் அதே வேலையைச் செய்யும் ஹெச்ஐஎஃப் புரதத்துக்கு அது உறவு. செல்கள் ஆக்சிஜனை உணரும் விதத்தைக் கண்டறிந்ததற்காக 2019-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற மூவரின் ஆய்வுகளில் மையமாக இருந்தது அந்த ஹெச்ஐஎஃப்தான்.

பிராஞ்ச்லெஸுக்கும் பாலூட்டிகளில் சொந்தம் உண்டு. அது எஃப்ஜிஎஃப் எனப்படும் வளர்ச்சிப் புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தின் பத்தாம் எண் மரபணுவை எலியில் நீக்கிப் பார்த்தார்கள். மூச்சுக்குழாய் உருவானது; அதற்குக் கீழே நுரையீரல் முளைக்கவே இல்லை. பிறந்ததும் குட்டிகள் இறந்துபோயின.