தாக்க ஆளில்லாத உடல்

"அம்மா கொடுத்த சிறுநீரகம்தானே, அதற்கு ஏன் ஆயுள் முழுக்க மாத்திரை?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பிள்ளையின் மரபணுக்களில் பாதிதான் அம்மாவிடமிருந்து வந்தவை. அம்மாவின் மீதிப் பாதி, பிள்ளையின் டி செல்களுக்கு, அதாவது அந்நியத்தைக் கண்டு தாக்கும் வெள்ளணுக்களுக்கு, அந்நியம். டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகள் அந்த டி செல்களை அடக்கி வைக்கின்றன. கூடவே கிருமிகளை எதிர்க்கும் வலுவும் குறைகிறது.

மாத்திரை இல்லாமலே அந்நிய செல்களோடு உடல் சமாதானமாக இருக்க முடியும் என்பது மாடுகளில்தான் முதலில் தெரியவந்தது. 1945இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ரே ஓவன் என்ற ஆய்வாளர், இரட்டைக் கன்றுகள் ஒவ்வொன்றிலும் மற்றதன் ரத்த அணுக்களும் இருப்பதைக் காட்டினார். கருவிலேயே ரத்தம் கலந்து, ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்கள் இடம் மாறிக் குடியேறியிருந்தன. 1953இல் பிரிட்டிஷ் விஞ்ஞானி பீட்டர் மெடவாரின் குழு கருவிலிருந்த சுண்டெலிகளுக்கு வேறு வகை எலியின் செல்களைச் செலுத்தியது. வளர்ந்தபின் அவற்றில் சில, அந்த வகை எலியின் தோலை ஏற்றுக்கொண்டன. மாட்டு ரத்த ஆராய்ச்சியால் மனிதனுக்கு என்ன லாபம் என்று கேட்டு நிதியை மறுப்பவர்கள் இந்த வரலாற்றை அவசியம் படிக்க வேண்டும்.

அந்நிய செல்களை உடல் இப்படி ஏற்பது எப்படி நடக்கிறது? மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் சுரப்பி இருக்கிறது. இளம் டி செல்கள் முதிர்வது இங்கேதான். ஒவ்வொன்றும் மரபணுத் துண்டுகளைத் தோராயமாகக் கோத்து, எதைத் தாக்குவது என்று அடையாளம் காணும் தன் ஏற்பியைச் செய்துகொள்கிறது. ஆகவே சொந்த உடலையே தாக்கக்கூடியவையும் உருவாகும். அவற்றைக் களைய, டென்ட்ரைட்டிக் செல்கள் என்ற வேறு வகை எதிர்ப்பு செல்கள் உடலின் புரதத் துணுக்குகளை மேற்பரப்பில் ஏந்தி நிற்கின்றன. இளம் டி செல் வந்து தொட்டுப் பார்க்கிறது. லேசாக ஒட்டினால் பிழைத்தது; இறுகப் பற்றினால் அங்கேயே தன்னை அழித்துக்கொள்கிறது. இந்த டென்ட்ரைட்டிக் செல்களும் எலும்பு மஜ்ஜையின் வாரிசுகளே! தானம் தந்தவரின் ஸ்டெம் செல்கள் மஜ்ஜையில் வேரூன்றினால், அவருடைய டென்ட்ரைட்டிக் செல்களும் தைமஸுக்கு வந்து நிற்கும். அவரைத் தாக்கக்கூடிய டி செல்கள் வெளியே வருமுன்பே மடிந்துபோகும்.

2022இல் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள், ஷிம்கே என்ற அரிய மரபுநோய் கொண்ட 3 குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். முதலில் பெற்றோரில் ஒருவரின் ஸ்டெம் செல். சில மாதம் கழித்து அவரிடமிருந்தே சிறுநீரகம். தானமாக வந்த செல்களிலிருந்து, குழந்தையின் உடலையே தாக்கக்கூடிய டி செல்களை முன்னதாகவே பிரித்து நீக்கியிருந்தார்கள். ரத்தமும் டி செல்களும் தானம் தந்தவருடையவையாகவே மாறியதால், சிறுநீரகம் அவற்றுக்குச் சொந்தமாகிவிட்டது. எதிர்ப்பை அடக்கும் மருந்துகளை நிறுத்த முடிந்தது.

எல்லோருக்கும் இதைச் செய்யாததற்குக் காரணம், பழைய மஜ்ஜையை ஒதுக்கத் தேவைப்படும் கடுமையான மருந்தும் கதிர்வீச்சும். ஏற்கெனவே மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்பவர்களுக்கு இந்தக் குடியேற்றம் நடக்கவில்லை. அவர்களின் டி செல்கள் விழிப்பாகவே இருக்கின்றன. மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள்.